வேண்டாம் என்பதற்குப் பதினொரு காரணங்கள்

பிப்ரவரி 4

சுண்டெலிக்கு,

போனில் பேசினால் "ம்" என்கிறாய், "சரிக்கா" என்கிறாய், உடனே வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுகிறாய். உன் வாசலில் நாள் முழுக்க யார்தான் அப்படிக் கூப்பிடுகிறார்களோ! அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் மூடி வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்காரர் வந்திருந்தார். கட்டடம் முழுக்கப் பழுது பார்க்கப் போகிறாராம். இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் மார்ச் பதினைந்துக்குள் காலி செய் என்கிறார். இருபத்தாறு வருஷமாக இந்த மூன்றாம் மாடியில் ஏறி இறங்குகிறேன். நான் விட்டால் அடுத்த நாளே ஆள் வந்துவிடும், திரும்பக் கிடைக்காது. நான் வேலை பார்க்கும் பல் செட் கூடத்திலும் இதே கதைதான். நான் போவதாகச் சொன்னால் என் மேஜைக்கு உடனே வேறொருத்தியை உட்கார வைத்துவிடுவார்கள். முதலாளி மட்டும், "நீங்க இல்லேன்னா கீழ்வரிசையை யாரும்மா அடுக்குவா?" என்று மூக்கால் அழுகிறார். இந்த ஊரில் பாதிப்பேர் நான் அடுக்கிய பல்லால்தான் என்னைக் குறை சொல்கிறார்கள்.

வலது கட்டைவிரல் அடிக்கடி மரத்துப்போகிறது. போன வாரம் சூடான மெழுகில் வைத்துவிட்டேன், தெரியவே இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரிடமும் பேசாமல் இருந்து, திங்கட்கிழமை காலையில் வாயைத் திறந்தால் குரல் வரமாட்டேன் என்கிறது.

அதனால் உன் ஊருக்கே வந்துவிடலாமா என்று பார்க்கிறேன். சின்ன ஊர், உன் வீட்டில் மூன்றாவது அறை இருக்கிறது, நீ இருக்கிறாய்.

அப்பா போட்ட சட்டம் ஞாபகம் இருக்கும். எது வேண்டும் என்று யார் ஆசைப்படுகிறாரோ, அவரே அது ஏன் வேண்டாம் என்று காரணம் எழுத வேண்டும். எழுதிய பிறகும் வேண்டும் என்றால் கிடைக்கும். நான் சைக்கிளுக்கு எழுதினேன். நீ நாய்க்குட்டிக்கு எழுத உட்கார்ந்து மூன்றாவது வரியிலேயே அழுதாய். அப்பாவும் அம்மாவும் போன பிறகும் நான் அந்தச் சட்டத்தை விடவில்லை. உன் கல்யாணத்துக்கே பத்து காரணம் எழுத வைத்தவள் நான்.

இப்போது நான் எழுத உட்கார்ந்தால் ஒன்றுகூட வரவில்லை. நீ எழுது. நல்லதை எழுதுகிறாயோ கெட்டதை எழுதுகிறாயோ, உன் இஷ்டம். ஏதாவது ஒரு பக்கம்தான். இரண்டையும் கலந்து உன் வழக்கப்படி வழவழவென்று எழுதாதே.

உன் அக்கா


பிப்ரவரி 13

அக்காவுக்கு,

கெட்டதையே எழுதுகிறேன். நீ எழுத வேண்டியதை நான் எழுதித் தருவதாக வைத்துக்கொள், உனக்கு வேலை மிச்சம்.

முதலில் வேலை. இங்கே இருப்பது ஒரே ஒரு பல் டாக்டர். அவரும் அச்சு எடுத்து வெளியூருக்கு அனுப்பிவிடுகிறார். உனக்கு வேலை கிடைக்காது. வேலை இல்லாமல் உன்னால் நான்கு நாள் உட்கார முடியாது, ஐந்தாவது நாள் அடுத்தவர் வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடுவாய். அதை இரண்டாவது காரணமாக வைத்துக்கொள்.

மத்தியானம் ஒரு மணிக்குக் கடைகள் மூடினால் ஐந்து மணிக்குத்தான் திறக்கும். நீ கதவைத் தட்டித் திறக்கச் சொல்வாய். நூலகம் வாரத்தில் மூன்று நாள்தான். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். இரவு எட்டரைக்கு மேல் பஸ் கிடையாது. கை மரத்துப்போவதைப் பார்க்கிற நரம்பு டாக்டர் இங்கே இல்லை. மாதம் ஒருமுறை ஒருவர் வருகிறார், அவருக்குப் பின்னால் அறுபது பேர் நிற்கிறார்கள். நான் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் நின்று அந்த வரிசையைப் பார்ப்பவள், அதனால்தான் சொல்கிறேன்.

மூன்றாவது அறை என்கிறாய். அது அறை இல்லை அக்கா. மகளின் மேஜை, இவருடைய கார் பயிற்சிப் பள்ளிப் பலகைகள், இஸ்திரி மேஜை எல்லாம் அதில்தான். ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துத் திறக்கிறது. மகள் இந்த வருஷம் பெரிய பரீட்சை எழுதுகிறாள்.

அப்புறம், இங்கே எல்லாருக்கும் எல்லாம் தெரியும். காலையில் இருமினால் சாயங்காலம் மருந்துக்கடைக்காரர், "இருமல் எப்படி இருக்கு?" என்கிறார். நீ யாரோடாவது சண்டை போட்டால் மறுநாள் அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். பெரிய ஊரில் உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை, ஆள் மாற்றி ஆள் கிடைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கடைசியாக, இருபத்தாறு வருஷம் இருந்த வீட்டை விட்டு வருகிறவர்களுக்கு இந்த வயதில் புது இடம் ஒட்டாது. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று வந்துவிட்டது. நன்றாக யோசி. ஐந்து வருஷம் கையெழுத்துப் போடுவது ஒன்றும் தப்பான முடிவாக எனக்குத் தெரியவில்லை.

விரலுக்கு அங்கேயே நல்ல டாக்டராகப் பார். தள்ளிப்போடாதே.

தங்கை


பிப்ரவரி 19

என் சுண்டெலிக்கு,

பதினொன்றா! அடி கள்ளி! கல்யாணத்துக்கே பத்துதான் எழுதினாய்.

உன் கடிதத்தைப் பல் செட் கூடத்தில் வைத்துப் படித்தேன். மெழுகு உருகி ஓடுவதுகூடத் தெரியாமல் படித்தேன். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்று நான் சொல்லாமல் விட்டது சும்மா இல்லை. நான் வருவது உனக்குப் பிடிக்கவில்லை என்றால், "நல்ல காற்று, நல்ல தண்ணீர், வாக்கா" என்று நான்கு வரி மரியாதைக்கு எழுதி முடித்திருப்பாய். வரவேண்டும் என்று உள்ளே துடிக்கிறவள்தான் உட்கார்ந்து பதினொரு காரணம் வராதே என்று எழுதுவாள். நம் வீட்டில் வளர்ந்தவளுக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்? வாயால் "வாக்கா" என்று சொல்ல உனக்கு வராது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எழுத்தில் சொல்லிவிட்டாய்.

அழுதேன். ஒளிக்க மாட்டேன். பக்கத்து மேஜைக்காரி ஓடிவந்து, "என்னக்கா, யாராவது போயிட்டாங்களா?" என்றாள். "இல்லடி, என்னைக் கூப்பிட்டிருக்காங்க" என்றேன்.

உன் காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது. அறை இல்லையா, இஸ்திரி மேஜையை மடக்கலாம். பலகைகளை மாப்பிள்ளை வாசலில் வைத்துக்கொள்ளட்டும், பெயர்ப்பலகை என்றால் வெளியேதானே இருக்க வேண்டும். பரீட்சைக்கு நானே அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்க வைக்கிறேன். உன்னைப் படிக்க வைத்த மாதிரிதான்.

மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று பயப்படாதே. அவர் கீழ்வரிசைப் பல் நெருக்கத்தைப் பார்த்த அன்றே சொன்னேன், இந்த மனிதர் எதையும் எதிர்த்துச் சொல்ல மாட்டார் என்று. உன் மகளின் முதல் பிறந்தநாளில் அந்தப் பத்து காரணத்தையும் நான் எடுத்து வாசித்தேனே, வந்தவர்கள் எல்லாரும் உருண்டு சிரித்தார்கள். ஆறாவது காரணத்துக்கு அவரே கைதட்டிச் சிரித்தார். அவ்வளவு சாதுவான ஆள்.

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரரிடம் நாளைக்குச் சொல்வேன்.

உன் அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் சொல்லாதே. நான் எழுதியது எதுவும் விளையாட்டு இல்லை. சட்டமெல்லாம் என் நினைப்பிலேயே இல்லை. காரணம் கேட்டாய், எழுதினேன், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இவருக்கு இங்கே பயிற்சிப் பள்ளியில் நிலைமை சரியில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆட்களே வருவதில்லை. நாங்களே திரும்பிப் பெரிய ஊருக்கு வந்துவிடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நீ இங்கே வந்து, நாங்கள் அங்கே வந்தால் நன்றாகவா இருக்கும்? கொஞ்சம் பொறு.

தங்கை


மார்ச் 3

சுண்டெலிக்கு,

உன் மகளுக்கு போன் செய்தேன். உனக்குச் செய்தால் வாசலில் ஆள் வந்துவிடுகிறதே. "நீங்கல்லாம் இங்க திரும்பி வர்றீங்களாமே?" என்று கேட்டேன். "யார் சொன்னா பெரியம்மா? அப்பா இப்பதான் ரெண்டாவது கார் வாங்கியிருக்காங்க. கத்துக்க வர்றவங்களுக்கு நேரம் குடுக்க முடியாம தவிக்கிறாங்க" என்றது குழந்தை. அதற்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. நீ இன்னும் கற்றுத் தரவில்லை போல.

எனக்குப் புரிந்துவிட்டது. இது உன் பொய் இல்லை. மாப்பிள்ளை உன் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதிய கடிதம். சாது, சாது என்று நான்தான் ஏமாந்தேன். என் தங்கை பதினொரு காரணம் எழுதி ஆசையாகக் கூப்பிடுகிறாள், பதினொரு நாளில் அதை அவர் திருப்பி எழுத வைத்துவிட்டார். உன்னை எனக்குத் தெரியாதா? பதினொரு வயதில் அப்பா, அம்மா இரண்டு பேரையும் தூக்கிக்கொடுத்துவிட்டு நின்றவள் நீ. எனக்கு இருபத்தைந்து. என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள், "தங்கச்சி எங்கே இருப்பா?" என்று கேட்டார்கள். "என்கூடத்தான்" என்றேன். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். இதையெல்லாம் நான் சொல்லிக்காட்டுகிறவள் இல்லை.

பயந்து பயந்து எழுதாதே. நான் வந்து பேசிக்கொள்கிறேன். வீட்டைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அடுத்து வருகிறவர் வெள்ளையடிக்க ஆள் அனுப்பி அளவெடுத்துப் போயிருக்கிறார். பதினைந்தாம் தேதி காலையில் லாரி. என் கட்டில் அந்த அறையில் நீளவாட்டில் பொருந்துமா என்று மட்டும் அளந்து சொல். ஆறடி இரண்டங்குலம்.

உன் அக்கா


மார்ச் 11

அக்கா,

கட்டில் பொருந்தும். நீ வராதே.

இதை நான் தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன். எக்ஸ்ரே அறை, மத்தியானம், கதவு சாத்தியிருக்கிறது. பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. இவருக்கு நாம் கடிதம் எழுதிக்கொள்வதே தெரியாது.

இரண்டு வருஷம் முன்னால் இவருக்கு இங்கே வேலை கிடைத்ததால் வந்தோம் என்று சொன்னேன். பொய். நான்தான் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். மூன்று முறை எழுதினேன், மூன்றாவது முறை கிடைத்தது. விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் "குடும்பச் சூழ்நிலை" என்று போட்டேன். அந்தச் சூழ்நிலை நீதான்.

ஆறாவது காரணம் என்று எழுதியிருந்தாயே, அது என்ன என்று ஞாபகம் இருக்கிறதா? "இவர் பேசும்போது எனக்குத் தூக்கம் வருகிறது." எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது. ஐந்துக்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை, பத்து வராமல் சம்மதம் கிடையாது என்று நீ தலைமாட்டில் நின்றாய், இட்டுக்கட்டி எழுதினேன். எழுதியதைக் கிழித்துவிட்டேன் என்று சொன்னாய். நான்கு வருஷம் பத்திரமாக வைத்திருந்து முப்பது பேர் முன்னால் வாசித்தாய். இவர் கைதட்டினார், ஆமாம். அன்று ராத்திரி ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தி, "தூக்கம் வருதா?" என்று கேட்டார். கேலியாகத்தான். அடுத்த வாரமும் கேட்டார். அப்புறம் கேட்பதையும் விட்டார், பேசுவதையும் விட்டார். பதின்மூன்று வருஷம் எங்கள் வீட்டில் "சாப்பாடு ஆச்சா, சாவி எங்கே, லைட்டை அணை" மட்டும்தான் நடந்தது.

இங்கே வந்து எட்டாவது மாதம் ஒருநாள் சாயங்காலம் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கி ஒரு பாட்டியம்மா, ரிட்டயர்டு டீச்சர், நேரா வேலிக்குள்ள வண்டிய விட்டுட்டு, 'வேலி ஏன் இங்க இருக்கு'ன்னு என்னைத் திட்டுறாங்க" என்றார். நான் அடுப்பைக் கூட அணைக்காமல் கேட்டேன். இப்போது தினமும் ஏதாவது சொல்கிறார். நீ போன முறை வந்து மூன்று நாள் இருந்தாய். மூன்று நாளும் அவர் வாசலில் கார் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். நீ போய் ஒரு மாதம் கழித்துத்தான் திரும்ப வாயைத் திறந்தார்.

என்னை வளர்த்தாய். அதற்காக உனக்கு நான் எதுவும் செய்வேன் என்று இருபது வயதில் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்னால்தான் எழுந்து போனார்கள் என்பதைச் சொல்லிக்காட்டாமலே நூறு முறை சொல்லிவிட்டாய். அவர்கள் போனது என்னால் இல்லை. வந்தவர் பல்லைப் பார்த்து, "மேல்வரிசை கட்டினதா?" என்று அவர் அம்மா முன்னாலேயே கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

நீ தனியாக இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் சொல்கிறேன். வீட்டுக்காரர் காலில் விழுந்தாவது அந்த வீட்டைத் திரும்ப வாங்கு. உனக்கு இங்கே இடம் இல்லை. என் வீட்டில் இடம் இருக்கிறது, உனக்கு இல்லை.

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.


மார்ச் 29

தங்கைக்கு,

உன் கடிதம் பதினைந்தாம் தேதி காலையில் வந்தது. கட்டில் லாரியில் ஏறியாகிவிட்டது. நடைபாதையில் பீரோ மேல் சாய்ந்து நின்று படித்தேன். மேலே என் வீட்டில் வெள்ளையடிக்கிறவர்கள் ரேடியோ வைத்துவிட்டார்கள். லாரிக்காரர், "கெளம்பலாமாம்மா?" என்றார். எங்கே என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். அவர் கையில் ஏற்கெனவே உன் ஊர் எழுதிய சீட்டு இருந்தது.

வந்துவிட்டேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் டயர் கடைக்கு மேலே ஒரு அறை. ரப்பர் வாசனை. உன் வாசலை மிதிக்கவில்லை.

திங்கட்கிழமை விரலுக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தேன். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். பதினேழாம் நம்பர் சீட்டு. நீதான் வந்து கூப்பிட்டாய். என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, "உள்ள வாங்க" என்றாய். என் கையைப் பிடித்துப் பலகை மேல் வைத்தாய். "விரலை விரிங்க. அசையாதீங்க." அவ்வளவுதான். "முடிஞ்சுது, வெளிய உக்காருங்க" என்றாய். பிறந்ததிலிருந்து நீ என்னை "நீ" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். அன்றைக்குத்தான் மரியாதை கொடுத்தாய். நான் இரண்டு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உனக்குப் பதில் ஒரு ஆயா வந்து உறையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தக் காகிதத்தை வாசித்தது தப்பு. முப்பது பேர் சிரித்தார்கள் என்றுதான் எனக்கு ஞாபகம் இருந்தது. அவர் ஒருத்தர் மனசாரச் சிரிக்கவில்லை என்பது தெரியவில்லை. தெரிந்திருந்தால் வாசித்திருக்க மாட்டேனா? வாசித்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. பொய் சொல்ல வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணி நேரம். கேட்டுவிட்டேன், உன் இஷ்டம்.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

உன் படத்தைப் பார்த்தேன். எலும்பில் ஒன்றும் இல்லை. நரம்பாக இருக்கும், மாதக் கடைசியில் வருகிற டாக்டரைப் பார்.

பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் என் வேலையில் இருக்கும் ஒருத்தி, தன் அப்பாவைப் பார்த்துக்கொள்ள இந்த ஊருக்கு வரத் துடிக்கிறாள். இருவரும் இடம் மாற்றிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தோம், உத்தரவு வந்துவிட்டது. மகள் பரீட்சை முடிந்ததும் கிளம்புகிறோம். இவர் இரண்டாவது காரை விற்றுவிட்டார். ஏன் என்று கேட்கவில்லை, "சரி" என்றார். அந்த "சரி" எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இங்கே இருந்தால் அதுவும் மிஞ்சாது.

விலாசம் தரமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். டயர் கடைக்காரர் மனைவி நல்லவள், ஏதாவது என்றால் அவளிடம் சொல்.


ஜூன் 2

சுண்டெலிக்கு,

நீ காலி செய்த வீட்டை நான் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரம்மா, "நீங்க அவங்க கூடப்பிறந்த அக்காவா? ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே!" என்று வாயைப் பிளந்தாள். மேலே வலது கடைவாய்ப்பல் இல்லை அவளுக்கு. நான் ஒன்றும் சொல்லவில்லை. கற்றுக்கொள்கிறேன்.

மூன்றாவது அறையில் படுக்கிறேன், மற்ற இரண்டையும் பூட்டி வைத்திருக்கிறேன். இந்த ஊரில் எனக்கு ஒரு ஆள் கிடையாது. கடையில், தபாலாபீஸில், எங்கே போனாலும் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள். "நல்லா இருக்கா, நேத்துகூடப் பேசினா" என்கிறேன். மாப்பிள்ளையிடம் கார் பழகிய அந்த டீச்சரம்மா வாசலில் வந்து நின்று, "அவர் மாதிரி பேசிக்கிட்டே சொல்லிக்குடுக்க யாரும் இல்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அவர் இப்போது பேசுகிறாரா? நீ சொல்ல மாட்டாய். பேசவில்லை என்று நினைக்கிறேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆரம்பித்தேன், அடித்துவிட்டேன். இருக்கிறது. காலையில் எழுந்ததும் முதலில் வருவது அதுதான்.

இந்தக் கடிதத்தின் உறையைத் திருப்பிப் பார். விலாசம் சரியாக எழுதியிருக்கிறேனா? கதவு எண், இரண்டாம் மாடி, எல்லாம்? உன் மகள் போகும்போது பக்கத்து வீட்டில் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். "பெரியம்மா கேட்டா மட்டும் குடுங்க" என்றாளாம். உன்னிடம் சொல்லாதே என்று சீட்டிலேயே கெஞ்சியிருக்கிறாள். சொல்லிவிட்டேன். அவளைத் திட்டாதே.

நான் வர மாட்டேன். சத்தியமாகத்தான் எழுதுகிறேன். ஆனால் நீ நம்ப மாட்டாய். இனிமேல் வாசலில் மணி அடித்தால், திறப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பாய். ஒரு நாளில் அந்த ஒரு நிமிஷமாவது என்னை நினைப்பாய். அது போதும் எனக்கு.

உன் அக்கா